கூட்டு ஓமோன் கருத்தடைக் குளிசைகள்: பாதுகாப்பான பயன்பாடும் ஆபத்துகளும்

(ரொறன்ரோவில் தமிழ்ப் பெண்களுக்கென நடத்தப்பட்ட நலவாழ்வுக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், ரொறன்ரோவைத் தலைமையகமாகக் கொண்ட அப்போடெக்ஸ் மருந்து நிறுவனம், தான் விநியோகித்த 'அலிசீனா 28' என்னும் கருத்தடைக் குளிசையின் ஒரு தொகுதியை அவசரமாகத் திரும்பப் பெற்றது. ஒரு மாதப் பொதியொன்றில் 21 மருந்துக் குளிசைகளும் 7 வெற்றுக் குளிசைகளும் இருத்தல் வேண்டும். அத்தொகுதியைச் சேர்ந்த சில பொதிகளிலோ ஒரு வாரத்துக்குரிய வெற்றுக் குளிசைகளுக்குப் பதிலாக இரண்டு வாரத்துக்குரியவை அடைக்கப்பட்டிருந்தன. இச்செய்தி பொதுமக்களை வந்தடையச் சில நாட்கள் கடந்துவிட்டன. அத்தாமதம் குறித்துக் கடும் கண்டனங்கள் எழுந்தன. கனடிய சுகாதார அமைச்சரும் அது பற்றி விசாரிக்கும்படி பணித்தார். அதே ஆண்டில் வேறு குளிசைப் பெயர்களிலும் இவ்வாறான பொதிப் பிழைகள் கண்டறியப்பட்டன. 2017ஆம் ஆண்டின் இறுதியில் உடைந்த அல்லது அளவிற் சிறிய குளிசைகள் இருக்கக்கூடும் எனப் பிறிதொரு எச்சரிக்கையும் வெளிவந்தது.

குற்றம் தொழிற்சாலையினது என்று சொல்லி இதைக் கடந்துபோய்விடலாம். எனினும் இச்சம்பவத்தில் பெண்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஓர் உண்மை அடங்கியிருக்கிறது. ஒரு வாரம் மருந்தின்றி இருப்பது பாதுகாப்பானது என்றால், இரண்டு வாரம் இருப்பது ஏன் அத்தனை ஆபத்தானது? இதற்கான விடையைத் தெரிந்துகொண்டவருக்குக் குளிசையின் செயற்பாடு முழுவதும் விளங்கிவிடும்.

கூட்டுக் குளிசை எனப்படுவது ஈஸ்ரொஜன், புரொஜெஸ்ரோஜன் என்னும் இருவகை ஓமோன்களைக் கொண்டது. இவை மூளைக்குச் சென்று, சூலகம் முட்டையை முதிரச்செய்து வெளியிடும்படி இடப்படும் கட்டளையைத் தடுத்துவிடுகின்றன. தொடர்ந்து 7 நாட்கள் மருந்து எடுக்கும்போது சூலகம் உறங்கிவிடுகிறது எனலாம். மருந்தை நிறுத்தினால் அது மெதுவாக விழிக்கத் தொடங்கும். 7 நாள் இடைவெளிக்குள் அது முற்றாக விழித்துக்கொள்வதில்லை. இடைவெளி அதற்கு மேல் நீளும்போதே முட்டை வெளியேறும் வாய்ப்புப் பெருகுகிறது. அலிசீனா பொதியில் நிகழ்ந்தது இதுவே. வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய் ஞாயிறு திரும்பும்போது புதிய பொதியை வீட்டில் மறந்துவிட்டு வந்த பெண்ணுக்கு நிகழ்வதும் இதுவே.

ஆதலால் குளிசையை மறப்பதிலும் தரம் உண்டு. பொதியின் நடுப்பகுதியில் ஒரு குளிசை தவறினால் பெரும் கேடு இல்லை; நினைவு வந்தவுடன் விழுங்கிவிட்டு அடுத்ததை வழமையான நேரத்தில் எடுக்கலாம். ஒரே நாளில் இரண்டை விழுங்க நேர்ந்தாலும் பாதகமில்லை. ஆனால் முதல் வாரத்தில், அதாவது வெற்று வாரத்தை அடுத்து வரும் நாட்களில், ஒரு முழுநாள் தவறினாலும் அதனைச் சாதாரணமாகக் கொள்ளலாகாது. உடனே எடுத்து, அடுத்த 7 நாட்களுக்கு ஆணுறையையும் பயன்படுத்த வேண்டும். முந்திய 5 நாட்களுக்குள் உறவு நிகழ்ந்திருந்தால் அவசரக் கருத்தடை பற்றி மருந்தாளரிடம் கேட்டறிய வேண்டும். மூன்றாம் வாரத்தில் தவறியவர் மிகுதி மருந்துக் குளிசைகளை முடித்து, வெற்றுக் குளிசைகளை வீசிவிட்டு நேரடியாகப் புதிய பொதியை ஆரம்பித்தல் வேண்டும். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் மூன்றோ அதற்கு மேலோ தவறியிருந்தால் 7 நாட்களுக்கு ஆணுறையும் அவசியம். கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் அதுவும் குளிசை தவறியதற்குச் சமம்.

குளிசையைச் சற்றும் பிசகாமல் எடுக்கும் 1000 பெண்களில் ஏறத்தாழ மூவரே ஓராண்டில் கருத்தரிப்பர். நடைமுறையிலோ, 100 பேருக்கு 7 பேர் என்பதே ஆய்வுகள் தரும் கணக்கு. இந்த வேறுபாடு முழுவதும் மறதியாலும் விளக்கமின்மையாலும் உண்டாவது.

வெற்று வாரத்தில் வரும் குருதிப்போக்கு இயற்கையான மாதவிடாய் அன்று. மருந்து நிறுத்தப்படுவதால் கருப்பை உள்ளுறை கழிவதே அது. 1950களில் குளிசையை உருவாக்கியவர்கள் பெண்களின் மனநிறைவை எண்ணி அதை அவ்வாறு அமைத்தனர். ஆகையால் வெற்று வாரத்தைத் தாண்டிப் பொதிகளை அடுத்தடுத்து எடுப்பதால் 'கெட்ட இரத்தம் உள்ளே தேங்கிவிடும்' என்று பாட்டிமார் அஞ்சுவது போல எதுவும் நிகழாது.

இந்நகரில் இவ்விடயத்தைப் பொது மேடையில் பேசும் சுதந்திரம் அத்துணைப் பழமையானதன்று. 1892ஆம் ஆண்டின் கனடிய குற்றவியற் சட்டக்கோவை கருத்தடைச் சாதனங்களை விற்பதையும் விளம்பரப்படுத்துவதையும் குற்றமாக்கியது. ரொறன்ரோவில் ஆணுறை விற்ற மருந்தாளர் ஒருவர் தண்டிக்கப்பட்ட செய்தியை நாளிதழில் வாசித்தமையே, பார்பரா கட்பரியும் அவரது கணவர் ஜோர்ஜ் கட்பரியும் 1961இல் இந்நகரில் குடும்பத் திட்டமிடல் சங்கத்தைத் தொடங்கக் காரணமாயிற்று. 1960இல் குளிசை கனடாவுக்கு வந்தபோதும், 'மாதவிடாயைச் சீராக்குவதற்கு' என்ற பெயரிலேயே வைத்தியர்கள் அதனை எழுதிக்கொடுத்தனர். சட்டம் மாறியது 1969இல்தான். அதாவது அதற்கு முற்பட்ட காலத்துக் கனடியப் பெண்மணி ஒருவர் தமது இளமையில் இதனை ஒளித்தே பெற்றிருப்பார். வெட்கம் தமிழருக்கு மாத்திரம் உரியதன்று.

ஆனால் தமிழ்ப் பெண்களின் தயக்கத்துக்கு வெட்கத்தை விட ஆழமான ஒரு காரணமும் உண்டு. 2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள், கிளிநொச்சி மாவட்டத்தின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு ஆகிய கிராமங்களில் பிள்ளைகளின் சுகாதாரப் பரிசோதனைக்கென அழைக்கப்பட்ட தாய்மாருக்கு, போதிய விளக்கமோ உண்மையான சம்மதமோ இன்றிக் கையில் ஓமோன் கருத்தடைக் குச்சிகள் பொருத்தப்பட்டதாக 'சோசல் ஆர்கிடெக்ற்ஸ்' என்னும் அமைப்பு அறிக்கை வெளியிட்டது. மறுத்தால் வைத்தியசாலையில் சிகிச்சை கிடைக்காது என அச்சுறுத்தப்பட்டதாகவும் அப்பெண்கள் கூறினர். 1956இல் புவேர்ட்டோ ரிக்கோவின் ஏழைப் பெண்களிடம் முதலாவது குளிசை பரீட்சிக்கப்பட்டபோதும், அது ஒரு பரிசோதனை என்பதே அவர்களுக்கு எடுத்துரைக்கப்படவில்லை. கருத்தடை என்றவுடன் 'இனத்தைக் குறைக்கும் சூழ்ச்சி' என்று முதியவர்கள் சீறுவதை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. இரண்டையும் வேறுபடுத்துவது பெண்ணின் சம்மதமே. விளக்கம் இன்றிச் சம்மதம் இல்லை. எனவேதான் ஆபத்துகளைப் பற்றி ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டியுள்ளது.

முதன்மையான ஆபத்து குருதிக்கட்டி. ஈஸ்ரொஜன் ஈரலைத் தூண்டிக் குருதியை உறையச்செய்யும் புரதங்களைப் பெருக்குகிறது. காலின் ஆழ்நாளத்தில் உருவாகும் கட்டி பெயர்ந்து நுரையீரலைச் சென்றடைந்தால் உயிரைப் பறிக்கக்கூடும். 1961இலேயே இத்தகைய சம்பவம் ஒன்று பிரித்தானிய மருத்துவ ஏட்டில் பதிவாயிற்று. அக்காலக் குளிசைகளில் ஈஸ்ரொஜன் 100 மைக்ரோகிராமையும் தாண்டியிருந்தது. 1969இல் பிரித்தானியா 50 மைக்ரோகிராமுக்கு மேற்பட்டவற்றைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தியது. இன்று வழக்கிலுள்ளவற்றில் பெரும்பாலும் 20 முதல் 35 மைக்ரோகிராம் வரையே உண்டு.

எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஐரோப்பிய மருந்து முகவரகம் மேற்கொண்ட மீளாய்வின் கணக்கு தெளிவானது. குளிசை எடுக்காத, கருவுற்றிராத 10,000 பெண்களில் ஓராண்டில் ஏறத்தாழ 2 பேருக்குக் குருதிக்கட்டி உண்டாகிறது. லெவோனோஜெஸ்ட்ரெல் அடங்கிய பழைய வகைக் குளிசை எடுப்போரில் அது 5 முதல் 7. டிரோஸ்பைரினோன், டெசோஜெஸ்ட்ரெல் போன்றவை அடங்கிய புதிய வகைகளில் 9 முதல் 12. புதியது எப்போதும் சிறந்தது என்னும் எண்ணத்துக்கு இது ஒரு நல்ல மறுப்பு. டிரோஸ்பைரினோன் கொண்ட யாஸ், யாஸ்மின் ஆகியவை முகப்பருவையும் போக்கும் என்று கனடாவில் இளம்பெண்களிடையே பெரிதும் பரவின. 2011இல் கனடிய சுகாதாரத் திணைக்களம், அவற்றின் குருதிக்கட்டி ஆபத்து ஏனையவற்றைவிட 1.5 முதல் 3 மடங்கு வரை இருக்கலாம் என எச்சரித்தது. 2013இல் அவ்விரு குளிசைகளுடன் தொடர்புடையவை எனச் சந்தேகிக்கப்பட்ட 23 மரணங்கள் திணைக்களத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்தமை ஊடகங்களில் வெளியாயிற்று. சந்தேகத்தின் பேரிலான அறிக்கை நிரூபணம் ஆகாது. எனினும் அதே ஆண்டில் ஒன்ராறியோ நீதிமன்றம் உற்பத்தி நிறுவனத்துக்கு எதிரான கூட்டு வழக்கினை முன்னெடுக்க அனுமதி வழங்கியது.

இக்கணக்கின் மறுபக்கமும் உண்டு. அமெரிக்க மருந்து நிருவாகத்தின் மதிப்பீட்டின்படி கருவுற்றிருக்கும் 10,000 பெண்களில் 5 முதல் 20 பேருக்கும், பிரசவத்தை அடுத்த காலத்தில் 40 முதல் 65 பேருக்கும் இதே குருதிக்கட்டி உண்டாகிறது. கர்ப்பம் குளிசையைவிட ஆபத்தானது என்பதே இதன் பொருள். 1995இல் பிரித்தானியாவில் புதிய வகைக் குளிசைகள் பற்றிய எச்சரிக்கை பரபரப்பாக வெளியானபோது பெருந்தொகையான பெண்கள் அஞ்சி இடையில் நிறுத்தினர். அடுத்த ஆண்டு கருக்கலைப்புகள் அங்கு உயர்ந்தன. பயத்தை விதைப்போரும் தீங்கு செய்கின்றனர்.

ஆகவே குளிசை நல்லதா கெட்டதா என்று வாதிடுவதில் பயனில்லை. யாருக்கு ஆகாது என்பதே உரிய கேள்வி. குருதிக்கட்டி முன்னர் ஏற்பட்டவருக்கு ஆகாது. தாய்க்கோ சகோதரிக்கோ இளவயதில் ஏற்பட்டிருந்தால் வைத்தியரிடம் கட்டாயம் கூற வேண்டும். 35 வயதைக் கடந்து புகைப்பவருக்கு ஆகாது. உயர் குருதி அமுக்கம் உள்ளவருக்கு ஆகாது. நெடுங்கால நீரிழிவினால் கண், சிறுநீரகம், நரம்பு பாதிக்கப்பட்டவருக்கும், மார்பகப் புற்றுநோய் உற்றவருக்கும், கடும் ஈரல் நோயாளருக்கும் ஆகாது. தெற்காசியருக்கு நீரிழிவும் இருதய நோயும் இளவயதிலேயே வருவது தெரிந்ததே; எனவே குளிசைக்கு முன் குருதி அமுக்கம் அளப்பதைச் சடங்காகக் கருதலாகாது. பொதியை மாத்திரம் புதுப்பித்துத் தரும் தொலைபேசிச் சந்திப்பில் அது அளக்கப்படுவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஒற்றைத் தலையிடி பற்றித் தனியே சொல்ல வேண்டும். தலையிடி தொடங்குமுன் கண்முன் மின்னும் கோடுகள் தோன்றுதல், பார்வையின் ஒரு பகுதி மறைதல், கை அல்லது முகம் விறைத்தல் ஆகிய முன்னறிகுறிகள் உள்ளவர்கள் கூட்டுக் குளிசையை எடுக்கலாகாது. பக்கவாத ஆபத்து அவர்களுக்கு மிகுதி. 'தலைக்குத்து' என்று மட்டும் சொன்னால் வைத்தியருக்கு இது விளங்காது. கண் மின்னியதா என்று அவர் கேட்காவிட்டாலும் பெண்ணே சொல்லிவிட வேண்டும்.

பிள்ளை பெற்ற தாய்க்கு முதல் 3 வாரம் இக்குளிசை அறவே கூடாது. பாலூட்டுவோர் குறைந்தது 6 வாரம் பொறுக்க வேண்டும். 31 கழித்துத் துடக்கு நீங்கியதும் எல்லாம் வழமைக்குத் திரும்பிவிட்டது என்று குடும்பம் எண்ணும். குருதி அவ்வாறு எண்ணுவதில்லை. அக்காலத்தில் ஈஸ்ரொஜன் இல்லாத குளிசையோ கருப்பைக் கருவியோ பொருத்தமானது.

இனி, தமிழ் வீடுகளுக்கே உரிய ஒரு வழக்கம். நல்லூர்த் திருவிழா, கலியாண வீடு, பூப்புனித நீராட்டு விழா, கோவிற் கும்பாபிஷேகம் என்று வரும்போது 'தள்ளிப்போடக் குளிசை' தேடப்படுகிறது. கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்தவர் கொண்டுவந்த நோரெத்திஸ்ரரோன் குளிசைகள் கைமாறுகின்றன. சில வேளைகளில் மிச்சமிருந்த கருத்தடைக் குளிசையே கொடுக்கப்படுகிறது. கேட்பவருக்குக் குருதி அமுக்கம் உண்டா, தலையிடி உண்டா என்று எவரும் வினவுவதில்லை. நோரெத்திஸ்ரரோனில் ஈஸ்ரொஜன் இல்லையே என்று சிலர் வாதிடலாம். மாதவிடாயைத் தள்ளிப்போட எடுக்கும் அளவில் அதன் ஒரு சிறு பங்கு உடலினுள் ஈஸ்ரொஜனாக மாறுகிறது. நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் எடுப்பது, 20 முதல் 30 மைக்ரோகிராம் ஈஸ்ரொஜன் எடுப்பதற்கு ஒப்பானது எனக் கணிக்கப்பட்டுள்ளது.

இதனுடன் பயணமும் சேர்ந்துகொள்கிறது. ரொறன்ரோவிலிருந்து இலண்டன் அல்லது டோகா வழியாகக் கொழும்பு சென்றடைய 20 மணித்தியாலங்களுக்கு மேலாகலாம். 4 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட பயணங்களில் அசையாது இருப்பது குருதிக்கட்டி ஆபத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது என உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. குளிசை தரும் ஆபத்தோ முதல் சில மாதங்களிலேயே மிக அதிகம். 4 வாரமோ அதற்கு மேலோ நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்குவோருக்கும் அதே நிலைதான். திருவிழாவுக்கென இரண்டு வாரம் மட்டும் எடுப்பவர், மிக ஆபத்தான அந்த ஆரம்ப நாட்களிலேயே விமானம் ஏறுகிறார். தொடர்ந்து எடுத்துவரும் பெண் வெற்று வாரத்தைத் தவிர்த்து அடுத்த பொதியைத் தொடங்கினாலே போதும். புதிய மருந்து எதுவும் தேவையில்லை. ஏனையோர் பயணத்துக்கு ஒரிரு மாதம் முன்னரே வைத்தியரைக் காண வேண்டும். விமானத்தில் இடையிடையே எழுந்து நடத்தலும் கெண்டைக்காலை அசைத்தலும் எல்லோருக்கும் நன்று.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் அறியவேண்டிய செய்திகள் இரண்டு. இலங்கையின் 'மிதுரி'யிலும் தமிழ்நாட்டின் 'மாலா-என்', 'மாலா-டி' ஆகியவற்றிலும் உள்ளவை லெவோனோஜெஸ்ட்ரெல் 0.15 மில்லிகிராமும் எதினைல் ஈஸ்ரடையோல் 0.03 மில்லிகிராமுமே. இதே கலவை கனடாவிலும் வேறு பெயர்களில் கிடைக்கிறது. வெற்றுப் பொதியைக் கொண்டுசென்று மருந்தாளரிடம் காட்டினால் ஒப்பானதைச் சொல்வார். மற்றையது, குடிவரவு மருத்துவப் பரிசோதனையின் பின் உறங்குநிலைக் காசநோய்க்கெனப் பலருக்கு றிபாம்பிசின் 4 மாதம் கொடுக்கப்படுகிறது. இம்மருந்து ஈரலைத் தூண்டிக் குளிசையின் ஓமோன்களை விரைவாக அழித்துவிடும். அதனை எடுக்கும் காலத்திலும், முடித்து 4 வாரம் வரையிலும் கூட்டுக் குளிசையை நம்பலாகாது. வலிப்பு நோய்க்கான கார்பமசெபின், பெனிற்றொயின் ஆகியவையும் அவ்வாறே. சளிக்கோ பல்வலிக்கோ கொடுக்கப்படும் சாதாரண அன்ரிபயோற்றிக்குகள் அவ்வாறு செய்வதில்லை. இவ்விடயத்தில் பரவியுள்ள பயம் மிகையானது.

புற்றுநோய் பற்றிய ஐயமும் அடிக்கடி எழுப்பப்படுகிறது. மார்பகப் புற்றுநோய் சிறிதளவு அதிகரிக்கிறது. 2017இல் வெளியான டென்மார்க் ஆய்வின் கணக்கில், ஓமோன் கருத்தடை பயன்படுத்தும் 7,690 பெண்களுக்கு ஓராண்டில் மேலதிகமாக ஒருவர். சூலகப் புற்றுநோயும் கருப்பை உள்ளுறைப் புற்றுநோயும் குறைகின்றன. அப்பயன் நிறுத்திய பின்னரும் பல ஆண்டுகள் நீடிக்கிறது. மலட்டுத்தன்மை வரும் என்பது ஆதாரமற்றது.

இறுதியாக, ஒளித்து எடுக்கும் பெண் பிள்ளைகளைப் பற்றி. ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் மகள் குளிசை எடுப்பதை அறியாத தாய்மார் பலர். அதைப் பற்றி வீட்டில் என்ன தீர்ப்பு வழங்கப்பட்டாலும், அப்பிள்ளைக்கு நெஞ்சு வலித்து மூச்சு முட்டும் இரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் தாதி கேட்பது 'என்னென்ன மருந்து எடுக்கிறீர்?' என்பதையே. அருகில் அம்மா நிற்கையில் பிள்ளை 'ஒன்றுமில்லை' என்று சொன்னால், வைத்தியரின் சிந்தனை குருதிக்கட்டியை விட்டு விலகிச் செல்லக்கூடும். மொழிபெயர்ப்பாளராகத் தாயோ அத்தையோ நிற்பதையும் இதனால் தவிர்க்க வேண்டும். பெற்றோரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லுமாறு கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

ஒன்ராறியோவின் 1996ஆம் ஆண்டுச் சிகிச்சைச் சம்மதச் சட்டம் குறைந்தபட்ச வயது எதனையும் விதிக்கவில்லை. விளங்கிக்கொள்ளும் ஆற்றல் இருந்தால் 16 வயதினரும் தாமே முடிவெடுக்கலாம். குடும்ப வைத்தியர் தமிழராயினும், தந்தையின் பள்ளித் தோழராயினும், இரகசியத்தைக் காப்பது அவரது சட்டக் கடமை. ஆயினும் தந்தையின் வேலைத்தலக் காப்புறுதியில் மருந்து வாங்கினால், அவ்விபரம் தந்தையின் கணக்கில் தெரியக்கூடும் என்பதை மருந்தாளரிடம் முன்கூட்டியே பேசிக்கொள்வது நன்று. 25 வயதுக்குக் குறைந்து, தனியார் காப்புறுதியும் இல்லாதவருக்கு மாகாணத் திட்டம் குளிசைக்கான செலவை ஏற்கிறது. ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவின் பாலியல் நல நிலையங்கள் சுகாதார அட்டை இல்லாதவரையும் ஏற்கின்றன. விமன்ஸ் கொலிஜ் வைத்தியசாலையின் கருத்தடை நிலையமும் இந்நகரில் உள்ளது.

குளிசை எடுக்கும் பெண்ணுக்கு ஒரு காலில் மட்டும் வீக்கமும் கெண்டையில் வலியும், திடீர் மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, இருமும்போது குருதி, இதுவரை இல்லாத கடும் தலையிடி, பார்வை மறைதல், பேச்சுக் குழறல், கை கால் விறைப்பு, கடும் வயிற்று வலி ஆகியவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்கலாகாது. உடனே 911ஐ அழைக்க வேண்டும். அவசரமற்ற ஐயங்களுக்கு 811 என்னும் இலக்கத்தில் இரவு பகலாகத் தாதியர் பதிலளிப்பர். 'தமிழ்' என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டுப் பெறலாம். குளிசையின் பெயரை ஒரு துண்டில் எழுதிப் பணப்பையில் வைத்திருந்தால், பேச இயலாத நிலையிலும் அது வைத்தியரின் கைக்குச் சென்றடையும்.